வாய்விட்டுப் படிக்காத பாடம்

என் பொண்ணு வாய்விட்டுத்தான் படிப்பா. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் வந்தும் அந்தப் பழக்கம் போகலை. நான் தையல் மெஷின்ல உட்கார்ந்திருப்பேன். அவ எதிர்ல தரையில சம்மணம் போட்டு, சாலிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தை மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துவா. "அம்மாவுக்குப் புரிஞ்சுட்டா எனக்குப் புரிஞ்ச மாதிரி"ன்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை. எட்டாங்கிளாஸோட நின்னவளை உட்கார வெச்சு கம்பி வளையுறது, உத்தரம் தொய்யுறதுன்னு பேசினா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

ஆனா போன தடவை இந்தப் பேப்பர்ல அவ கோட்டை விட்டா. அப்போ நான் பையனோட ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன், அவ சொல்றதைக் கேட்க ஆள் இல்லை. இந்தத் தடவையும் போச்சுன்னா அடுத்த வருஷத்துக்கு விட மாட்டாங்களாம். அதனால தலை போகிற வேலையா இருந்தாலும் காது கொடுத்துக் கேட்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஏறியிருக்கு. கம்பியை இழுத்தா நீளும், விட்டா திரும்பிடும். ஒரு அளவுக்கு மேல இழுத்துட்டா திரும்பவே திரும்பாது. உத்தரம் வளைஞ்சா மேல்பக்கம் நெருக்கும், கீழ்ப்பக்கம் இழுக்கும், நடுவுல ஒரு கோடு மட்டும் நெருக்கவும் நெருக்காது, இழுக்கவும் இழுக்காது.

"நடுவுல மட்டும் ஒண்ணுமே ஆகாதா? உங்க அப்பா மாதிரின்னு சொல்லு"ன்னேன்.

"காதுல விழுது"ன்னு உள்ளேருந்து அவர் குரல் வந்துச்சு.

அவர் பஸ் டிரைவர். வீட்டுல எனக்கும் பிள்ளைங்களுக்கும் எவ்வளவு சண்டை வந்தாலும் யார் பக்கமும் பேச மாட்டார், சாப்பிட்டுட்டுப் படுத்துடுவார். தூங்கற நாய் ரோட்டுல கிடந்தா பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கிப் போய் எழுப்புற மனுஷன்.

உள் ரூம்ல என் பெரியவன் படுத்துக் கிடக்கிறான். பைக்ல போனவனை ஒரு வேன் இடிச்சு, தொடை எலும்பு முறிஞ்சு, உள்ள பிளேட் வெச்சு ஸ்க்ரூ போட்டாங்க. அந்தப் பிளேட் உடைஞ்சுபோச்சு. உடைச்சது நான்தான். அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு வீட்டுல நானும் அவனும் மட்டும்தான். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். இடுப்புல அடி, எந்திரிக்க முடியலை, கத்திட்டேன். அவன் ஊன்றி நடக்கிற கைக்கம்பைக்கூட எடுக்காம ஓடி வந்து, ரெண்டு கையையும் என் அக்குள்ல கொடுத்துத் தூக்கினான். 'டக்'னு ஒரு சத்தம். பக்கெட்டுதான் உடைஞ்சுதுன்னு நினைச்சேன். அவன் அப்படியே என் மேல சரிஞ்சான். பக்கத்து வீட்டம்மா வர்ற வரைக்கும் ஈரத்துல அம்மாவும் பிள்ளையும் கிடந்தோம்.

மறுபடியும் ஆபரேஷன் பண்ணி வேற பிளேட் வெச்சாங்க. டாக்டர் போகிற போக்குல, "பாரம் தாங்கலைம்மா, விட்டுடுச்சு"ன்னார். பாரம் யாரு? நான்தானே. அன்னையிலேருந்து ஒரு வாய் சாப்பாடு நிம்மதியா இறங்கினதில்லை. என் வீட்டுக்காரர் தினமும் சொல்லுவார், "உன்னால இல்லடி, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே"ன்னு. "அப்போ யாராலங்க?"ன்னு கேட்டா டியூட்டிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுவார்.

நான் இப்படி உருகிக்கிட்டிருக்கிறதைப் பொண்ணால பார்க்க முடியலை. ஒரு நாள் என்னை இழுத்துட்டுப் போய் மருந்துக்கடை மெஷின்ல ஏத்தி எடை பார்த்தா. ஆஸ்பத்திரியில கவர்ல போட்டுக் கொடுத்த உடைஞ்ச பிளேட் பீரோவுல கிடந்துச்சு. அதோட அகலம், தடிமன், ஓட்டைன்னு ஒண்ணு விடாம அளந்தா. பக்கம் பக்கமா கணக்குப் போட்டா. முடிச்சுட்டு ஓடி வந்தா.

"அம்மா! முழுசா இருக்கிற பிளேட் உன்னைத் தாங்கும். உன் தோள் மேல இன்னொரு ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும்."

"போடி, இதே பேப்பர்ல ஃபெயில் ஆனவதானே நீ?"ன்னேன். அவ முகம் செத்துப்போச்சு. ஏன்தான் சொன்னேனோ, என் வாய் அப்படி.

"சரி, லேப்ல லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு வந்து சொல்றேன்"னு ரெண்டு துண்டையும் பையில போட்டுக்கிட்டுக் காலேஜுக்குப் போனா. சாயங்காலம் வந்து நேரா பீரோவுல வெச்சு மூடிட்டா.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் தெரியலைம்மா." காது மடலைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னா. பொய் சொன்னா அவ கை காதுக்குத்தான் போகும். பெத்தவளுக்குத் தெரியாதா?

அதுக்கப்புறம் கடைசிப் பாடத்துக்கு வந்தா. வாயைத் திறக்கலை. உதடு மட்டும் அசையுது. "என்னடி, ஊமையாயிட்டியா?"ன்னேன். "இது சின்னப் பாடம்மா, தானா வந்துடும்"னா. எங்கே வந்துச்சு? புத்தகத்தை மூடிட்டு எழுதுன்னா பேனாவைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பரீட்சை நெருங்கிடுச்சு, அந்தப் பாடத்துலேருந்து கேள்வி கட்டாயம் வருமாம்.

அந்த வாரம் பெரியவன் ரூம் ஜன்னல்ல வெயில் மூஞ்சியில அடிக்குதுன்னு திரை மாட்டப் போனேன். கம்பி நீளமா இருந்துச்சு. வெட்டக் குறடு தேடினேன். இந்த வீட்டுல தேடினா எது கையில கிடைக்கும்? காலால மிதிச்சுக்கிட்டு இழுத்துப் பார்த்தேன், அசையலை. அப்புறம் எல்லாரும் பண்ற மாதிரி ஒரே இடத்துல இப்படியும் அப்படியுமா வளைச்சேன். வளைச்சுக்கிட்டே இருந்தேன். இடம் சூடாச்சு, பட்டுனு வந்துடுச்சு.

ரெண்டு துண்டையும் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். எவ்வளவு இழுத்தும் மசியாத கம்பி. கட்டில்ல அவன் கால் தலையணை மேல இருந்துச்சு. எனக்குக் காலை நேரங்கள் எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு.

முதல் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ டாக்டர் தெளிவாச் சொல்லியிருந்தார், எலும்பு சேர்ற வரைக்கும் கால் தரையில பட்டா போதும், பாரம் போடக் கூடாதுன்னு. ஆனா என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போகிறதுக்கு முன்னாடி தினமும் பையனை எழுப்புவார். "கம்பை என்கிட்ட கொடு. பயந்துக்கிட்டே கிடந்தா கால் எப்படிடா வலுக்கும்? நான் இருக்கேன், வா." வாசல்லேருந்து கொல்லைப்பக்கம் வரைக்கும் நடத்திட்டுப் போவார், திரும்பக் கூட்டிட்டு வருவார். ஒரு நாள்கூட விட்டதில்லை. நான் அடுப்புகிட்ட நின்னு அப்பனையும் பிள்ளையையும் பார்த்துப் பூரிச்சுப் போவேன்.

பொண்ணு காலேஜ் விட்டு வந்ததும் சமையல்கட்டுக்குள்ள இழுத்துக் கதவைச் சாத்தினேன். பெரியவன் காதுல விழக் கூடாதுன்னு குழாயைத் திறந்துவிட்டேன்.

"கடைசிப் பாடம். சொல்லு."

"அம்மா, வேணாம்மா."

"எனக்குப் புரியாம உனக்குப் பாஸ் கிடையாது. சொல்லுடி."

சுவரைப் பார்த்துக்கிட்டு ஒப்பிச்சா. "ஒரு தடவைக்குத் தாங்குற பாரம்தான். அதையே திரும்பத் திரும்பப் போட்டா ஒரு நாள் தாங்காது. முதல்ல கண்ணுக்குத் தெரியாம ஒரு விரிசல் விழும், ஓட்டை இருக்கிற இடமாப் பார்த்து விழும். ஒவ்வொரு தடவையும் துளித்துளியா உள்ள போகும். கடைசியில கொஞ்சூண்டுதான் ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்கப்புறம் எது பட்டாலும் போயிடும். இதுக்குப் பேர் களைப்பு."

"இரும்புக்குக் களைப்பா?"

"ஆமாம்மா."

"உடைஞ்ச இடத்தைப் பார்த்தா தெரிஞ்சுடுமா?"

அழ ஆரம்பிச்சுட்டா. "தெரியும். விரிசல் நகர்ந்த இடம் வழவழன்னு வரிவரியா இருக்கும். கடைசியா உடைஞ்ச இடம் மட்டும் சொரசொரன்னு இருக்கும்."

"நம்ம பிளேட்டுல?"

"முக்கால்வாசிக்கு மேல வழவழன்னுதான்மா இருக்கு. நீ விழறதுக்கு முன்னாடியே அது போயாச்சு. எலும்பு சேரலை, வெச்ச ஒவ்வொரு அடியும் பிளேட் மேலதான்..."

"காலையில காலையில நடந்த நடை."

என் வாயைப் பொத்தினா. "அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார்மா."

அப்பாடான்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இத்தனை மாசம் நெஞ்சுல ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிடுச்சு. இறங்கின கையோட கோபம் மண்டைக்கு ஏறுச்சு. மனுஷனா இவர்? டாக்டர் சொன்னதைக் கேட்டா என்ன குறைஞ்சுபோயிடும்? என் பிள்ளையை இன்னொரு தடவை கத்திக்குக் கீழே படுக்க வெச்சுட்டு எனக்கே ஆறுதல் சொல்றாரே! குழாயை இறுக்கி மூடினேன். ஆனா இப்படி ஆகும்னு அவருக்குத் தெரியாதே. பிள்ளை விழுந்துடக் கூடாதுன்னு இடுப்பைச் சுத்திப் பிடிச்சிருப்பாரே, அந்தக் கைதான் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு. இது தெரிஞ்சா அவர் அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவர் வந்தார். யூனிஃபார்மைக்கூட மாத்தாம நேரா பையன் ரூமுக்குப் போனார். நாங்க ரெண்டு பேரும் மெஷின்கிட்ட இருந்தோம்.

"என்னடா, படுத்துப் படுத்து முதுகு புண்ணாயிடும் போலிருக்கே. நாளைக்குக் காலையிலேருந்து மெல்ல ஆரம்பிப்போமா? அந்தக் கம்பை எடு, நான் வெச்சுக்கறேன்."

பொண்ணு என்னைப் பார்த்தா. நான் எந்திரிச்சு உள்ள போனேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா என் கழுத்துல கிடக்கிற பழிக்கயிறு அவிழ்ந்து அவர் கழுத்துல விழும். அவர் கையிலேருந்து கம்பைப் பிடுங்கி கட்டில் ஓரமா சாத்தினேன்.

"எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, எலும்பு சேர்ந்துடுச்சுன்னு டாக்டர் தன் வாயால சொல்ற வரைக்கும் இவன் ஒரு அடி வைக்கக் கூடாது."

"இப்படிப் பயந்தா எப்படி? நான்தான் பிடிச்சுக்கறேனே."

"ஆமா, பயம்தான். நான் ஒரு தடவை உடைச்சது போதும்."

"உன்னால இல்லடி, எத்தனை தடவை சொல்றது?"ன்னார்.

"என்னாலதாங்க."

என் தோள்ல கையை வெச்சார். "சரி விடு. உன் மனசு ஆறட்டும். டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம்"னு சொல்லிட்டு மூஞ்சி கழுவப் போனார்.

நான் திரும்பி வந்து மெஷின்ல உட்கார்ந்தேன். பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டே என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. "என்ன பார்வை? புத்தகத்தை மூடிட்டு எழுது"ன்னு அதட்டினேன். பேனாவை எடுத்தா. இந்தத் தடவை பேனாவைக் கடிக்கலை, மளமளன்னு எழுத ஆரம்பிச்சா.

அவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னார். "என்ன பாடம் ஓடுது?"

"கடைசிப் பாடம்."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்லங்க"ன்னேன். "இது ஒண்ணு மட்டும் என் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"அப்போ இவளுக்குப் பாஸ் கிடையாது"ன்னு சிரிச்சார். பொண்ணு தலையைத் தூக்காம எழுதிக்கிட்டே இருந்தா.