வாசலில் தொடங்கிய தரை

தையல்காரி தன் வீட்டுத் தரையைத் தானே போடப் போகிறாள் என்ற செய்தி தெருவுக்குள் நுழைந்ததும், முதலில் சிரித்தவன் அவளுடைய தம்பிதான். சிரிக்க அவனுக்கு உரிமையும் உண்டு. அவன் காண்ட்ராக்டர். ஊரில் பாதி வீடுகள் அவன் கட்டியவை. மீதிப் பாதி, அவன் கட்டாததால்தான் ஒழுகுகிறது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அப்பா விட்டுப்போன வீடு அது. மூன்று அறை, ஒரு குளியலறை, இரண்டு பேர் பெயரிலும் பத்திரம். கல்யாணமானதும் தம்பி வேறு வீடு கட்டிப் போய்விட்டான். அக்கா தையல் மெஷினோடு அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. தரைக்கு அதைவிடக் கூட. அங்கங்கே உள்வாங்கிப் பள்ளமாகிக் கிடந்தது. மெஷினை எங்கே வைத்தாலும் மூன்று காலில்தான் நிற்கும். நான்காவது காலுக்கு அட்டையை மடித்துச் செருக வேண்டும்.

தம்பியின் ஜீப்பில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருந்தது. தரை உள்வாங்கிய இந்த வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி. "ரெண்டே மாசம் எங்க வீட்ல வந்து இருக்கா. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றான். அந்த 'ரெண்டு மாசம்' என்பது, துணி கொடுத்தவர்களிடம் தான் சொல்லும் 'நாளைக்கு' மாதிரிதான் என்பது அவளுக்கா தெரியாது? வெளியே கால் வைத்தால் வீடு போயிற்று. பிறகு ஏதோ ஒரு மாடியில் ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலை எது என்பதையும் தம்பி பொண்டாட்டிதான் சொல்லுவாள்.

பேரம் ஆரம்பித்தது. தரை சரியில்லை என்பதுதானே உன் குறை, அதை நானே போட்டுக்கொள்கிறேன், மூன்று மாதம் கொடு என்றாள். அவன் ஒரு வாரம் என்றான். கட்டுப்படியாகாது என்கிற முகத்தோடு எழுந்து வாசல்வரை போனான். அவள் கூப்பிடவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். செருப்பு மாட்டுவதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான்கு பட்டன் தைத்துவிட்டாள். கடைசியில் அவனாகவே திரும்பி வந்து உட்கார்ந்தான். நாற்பது நாள் என்று படிந்தது. கூலி ஆள் கூடாது, எல்லாம் அவள் கையாலேயே. நாற்பதாம் நாள் தரை முடிந்திருந்தால் வரைபடத்தைக் கிழித்துவிட வேண்டும், இடிக்கிற பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. முடியாவிட்டால் வேன் வரும். அவள் வாயைத் திறக்காமல் ஏறிக்கொள்ள வேண்டும்.

"ஏறுவேன்" என்றாள் அவள். "ஆனா வேனுக்கு இப்பவே சொல்லி வைக்காத. பாவம், அந்த டிரைவருக்கு வேற சவாரி கிடைக்கும்."

அவள் வேலை செய்த விதம்தான் தெருவுக்கு வேடிக்கையாகிப் போனது. காலையில் ஒரு டம்ளர் டீயோடு முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பாள். அன்றைக்குச் செய்யப்போகும் துண்டை மட்டும், டீ தீரும்வரை. பிறகு எழுந்து சுத்தியல் காம்பால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பாள். வெற்றுச் சத்தம் வந்த இடத்தை உடைத்து, மண் நிரப்பி, இடித்து, தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு பேசின் கலவை குழைத்துப் போட்டு, கரணையால் தேய்ப்பாள். அவ்வளவுதான். இரண்டாவது பேசின் கிடையாது. மதியத்துக்கு மேல் மெஷின்.

ஹார்டுவேர் கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சிமெண்ட் மூட்டையை வாரக்கணக்கில் வைத்திருக்கும் வாடிக்கையாளரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இந்த வேகத்தில் போனால் நான் கடையை மகனுக்கு எழுதி வைத்த பிறகுதான் நீங்கள் அடுத்த மூட்டை வாங்குவீர்கள் என்றார். அவசரமாகத் தைத்த சட்டையை நான்தான் பிரித்துத் தைக்க வேண்டும், அவசரமாகப் போட்ட தரையை யார் பிரிப்பது என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

தம்பி வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பான். "என்னக்கா இது, தரையா, ஒட்டுத் துணியா?"

"ஒட்டு எங்கன்னு காட்டு பார்ப்போம்."

அவன் குனிந்து தேடினான். விரலால் தடவினான். கண்டுபிடிக்க முடியாமல், ஃபோன் வந்ததுபோல் நடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பின்னறை முடிந்தது, நடு அறை முடிந்தது. குளியலறையில்தான் வழுக்கினாள்.

தம்பியிடம் வேலை செய்யும் மேஸ்திரி நல்ல மனுஷர். கடையில் அவளைப் பார்த்தபோது, குளியலறைக்கு வாட்டம் விட மறந்துவிடாதீர்கள், தண்ணீர் ஓட அஞ்சு நூல் சரிவு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சு நூல் என்றால் அஞ்சு நூல். தையல்காரி வீட்டுக்கு வந்து, நூல்கண்டிலிருந்து வெள்ளை நூலை உருவி, ஐந்து இழையாக முறுக்கி, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் ஒரு முனைக்குக் கீழே வைத்து, அதற்குத் தகுந்தாற்போலத் தரையை இறக்கினாள். கண்ணாடி மாதிரி வந்தது. காய்ந்த பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கொத்தனாருக்கு எட்டு நூல் ஒரு அங்குலம் என்பதை மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினார். செய்தி அன்று மாலைக்குள் தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா மகள் ஃபோனில் கூப்பிட்டு, பட்டனும் வைத்தாயா என்று கேட்டாள். தம்பி பொண்டாட்டி பெருந்தன்மையாக, அண்ணிக்கு ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

தையல்காரி அன்றைக்குக் குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு, தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தபடி இரண்டு டம்ளர் டீ குடித்தாள். காது வரைக்கும் சூடாக இருந்தது அவமானம். அது ஆறும்வரை சுத்தியலைத் தொடவில்லை. கோபத்தில் உடைத்தால் குழாயும் சேர்ந்து உடையும் என்று அவளுக்குத் தெரியும். ஆறிய பிறகு, போட்டது முழுவதையும் பெயர்த்தாள். மறுபடி போட்டாள், இந்த முறை கொத்தனார் நூலில். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது.

ஆனால் அதில் ஆறு நாள் போய்விட்டது. முப்பத்தொன்பதாம் நாள், முன்னறை முழுவதும் பாக்கி. அன்று பள்ளங்களை இடித்து நிரப்பி, நனைத்து வைக்கத்தான் முடிந்தது. மேஸ்திரி தெருவில் நின்றபடியே, ஆள் வைக்கக் கூடாதென்றால் நான் வழிதவறி உள்ளே வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்களேன் என்றார். வேண்டாம் என்று சிரித்தாள்.

நாற்பதாம் நாள் விடிந்ததும் அவள் டீயோடு உட்கார்ந்தாள். டீ தீர்ந்தது. எழுந்தாள். ஒரு பேசின். தேய்த்தாள். இன்னொரு பேசின். அவசரப்படவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. இத்தனை நாள் ஒரு துண்டுக்குக் கொடுத்த கவனத்தையே ஒவ்வொரு துண்டுக்கும் கொடுத்தாள்.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. முன்னால் ஜீப், அதிலிருந்து தம்பி, பின்னால் மேஸ்திரி, சாமான் தூக்க இரண்டு ஆட்கள். தம்பி வாசலில் கால் வைக்கப் போய் அப்படியே நின்றான். நிலைப்படியிலிருந்து உள்சுவர்வரை தரை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கோடியில், நடு அறை வாசலில், முழங்கால் முழுக்கச் சிமெண்டோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

மேஸ்திரிக்குத் தொழில் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னம்மா இது, உள் மூலையில ஆரம்பிச்சு வாசலுக்குல்ல வரணும்? வாசல்ல ஆரம்பிச்சா உள்ள மாட்டிக்குவீங்களே."

"வெளிய போறவங்க உள்ளேருந்து ஆரம்பிப்பாங்க மேஸ்திரி. நான் எங்க போகப் போறேன்?"

தம்பி பின்பக்கம் போகத் திரும்பினான். இரண்டடி போனதும் நினைவு வந்தது. பின்கதவைத் திருட்டுப் பயம் என்று செங்கல் வைத்து அடைத்ததே அவன்தான். திரும்பி வந்து, குரலைப் பேரத்துக்கு ஏற்றிக்கொண்டான். "இது முடிஞ்ச தரை இல்லக்கா. காயவே இல்ல. காயாதது எப்படித் தரையாகும்? பேச்சு பேச்சா இருக்கணும்."

"பேச்சு பேச்சாத்தான் இருக்கு. தரை இல்லைன்னு நீ சொல்ற, சரி. வெறும் மண்ணுன்னே வெச்சுக்குவோம். மிதிச்சுக்கிட்டு உள்ள வா. வந்து சாமானைத் தூக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தம்பி ஆட்களைப் பார்த்தான். இருவரும் வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்கள். மேஸ்திரியைப் பார்த்தான். "ஈரத் தரையில நான் கால் வைக்க மாட்டேங்க" என்றார் மேஸ்திரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இருபத்தஞ்சு வருஷமா வெச்சதில்ல."

தம்பி செருப்பைக் கழற்றினான். வலது காலைத் தூக்கினான். தூக்கிய கால் நிலைப்படிக்கு மேலே நின்றது. ஈரத் தரையில் நடந்ததற்காக எத்தனை வீட்டுக்காரர்களை, எத்தனை கூலி ஆட்களை, ஒருமுறை சொந்த மாமனாரையே அவன் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். கால் கீழே இறங்க மறுத்தது. கொஞ்ச நேரம் கொக்கு மாதிரி நின்றுவிட்டு, இழுத்துக்கொண்டான்.

"ஏறிட்டுப் போங்கப்பா" என்றான் ஆட்களிடம். பிறகு ஜீப்புக்குப் போய் வரைபடத்தை எடுத்து வந்து, அவள் பார்க்க இரண்டாகக் கிழித்தான். நல்ல காகிதம், சத்தம் நன்றாகவே கேட்டது.

போகும்போது பழக்க தோஷம் விடவில்லை. குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடித் தரையின் மட்டத்தை ஒருமுறை பார்த்தான். "அக்கா, இடது மூலையை இன்னொரு தடவை அழுத்தித் தேச்சிடு. இல்லன்னா வெடிக்கும்."

"தெரியும்."

"இப்பவே தேய். இறுகிடும்."

"நீ கிளம்பு. நீ போனதும் தேய்க்கறேன்."

அவன் நின்றான். அவள் கரணையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். மூலை இறுகிக்கொண்டிருந்தது, அவளுக்கும் அது தெரியும். முதலில் ஜீப்தான் கிளம்பியது. தெருமுனையில் அது திரும்பும்வரை அசையாமல் இருந்தவள், பிறகு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு, மெதுவாக, தன் பாட்டுக்குத் தேய்க்க ஆரம்பித்தாள்.