பதினாறு பவுண்டுக் காவல்

மெக்கானிக் ஹெலன் எப்போதும் கீழிருந்துதான் தொடங்குவாள். காரின் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவை முதலில் ஏழு பவுண்டு அழுத்தத்தில் ஓடவிட்டாள். பிறகு ஒவ்வொரு பவுண்டாக ஏற்றி, பெட்ரோல் போதுகிறதா, எஞ்சின் தட்டுகிறதா என்று பார்த்துப் பதினான்கில் நிறுத்தினாள். பதினாறைத் தாண்டினால் பெட்ரோலையே அடைக்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு காவலும் வைத்தாள்.

காரின் சொந்தக்காரர் ஜீவானந்தம், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி மூன்று வைத்திருப்பவர். நான்காம் நாளே திரும்பி வந்தார்.

"ஏனுங்கம்மணி, மேடு ஏறுனா வெடுக்குனு இழுத்து நிக்குதுங்க. என்ற சம்சாரம் மாட்டுவண்டியே தேவலைங்கறா."

"எருமைவண்டின்னுதானுங்க சொன்னேன்" என்றாள் காருக்குள்ளிருந்த அவர் மனைவி சௌந்திரம்.

"காவல்தாண்ணா அடைக்குது. அழுத்தம் எங்கயோ மீறுது, ஓஸைப் பார்க்கணும். வண்டிய உட்டுட்டுப் போங்க" என்றாள் ஹெலன்.

"நாளைக்கு நாமகிரிப்பேட்டையில விசேசம். எங்க ரிக் கம்ப்ரசர் முந்நூறு பவுண்டுல ஓடுது, நீங்க பதினாறுக்குப் பயப்படறீங்க. கை நடுங்குனா உங்க ஊட்டுக்காரரக் கூப்புடுங்க."

ரிக்கில் காற்று பாறையை மோதுகிறது. இங்கே பெட்ரோலோடு சேர்ந்து நெருப்புக்குள் போகிறது. ஹெலனுக்கு அது தெரியும். ஆனால் அவருடைய கடைசிப் பேச்சு தைத்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து காவலை எடுத்தாள். "அப்படிப் போடுங்க" என்று அவர் சொன்னபோது, அவளுக்கு வெட்கப்படும் அளவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மறுநாள் விசேஷத்துக்குப் போகும் வழியில், ராசிபுரத்தைத் தாண்டி, அடைக்கக் காவல் இல்லாமல் அழுத்தம் எகிறி, முழு வேகத்தில் பிஸ்டன் உருகி எஞ்சின் இறுகியது. பின்னால் வந்த லாரி இடித்ததில் சௌந்திரம் அங்கேயே போய்விட்டாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த நசுங்கிய காரின் பானெட்டுக்குள் ஹெலன் கைவிட்டுத் தேடினாள். அழுத்தத்தை அடக்கும் மெல்லிய ஓஸ், கிளிப்புக்கு அடியில் கிழிந்திருந்தது. மாற்றப் பத்து நிமிடம் போதும்.

"ஜீவானந்தமே ஏதோ திருகிட்டாருன்னுதான் ஊருல பேச்சு" என்றான் கணவன் ஆண்ட்ரூஸ். "நீ வாயைத் திறக்காத."

அன்றிரவு அவளுக்கு ஜெபம் வரவில்லை. தன்னை மன்னிக்கச் சொல்லி யாரிடம் கேட்டாலும் காவலை எடுத்தபோது வந்த அந்த மகிழ்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் ஜீவானந்தத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் மாவுக்கட்டுப் போட்ட கையோடு துக்கப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஓஸ் கிழிஞ்சிருந்ததுண்ணா. காவல் அதைத்தான் சொல்லுச்சு. பார்க்காமயே எடுத்துட்டேன்."

"நாந்தானுங்களே எடுக்கச் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."



"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாண்ணா."

"போயிருங்கம்மணி" என்றார் மெதுவாக. "என்ற பையன் வந்துருவான். அவங்கிட்ட நான் சொல்லாம இருக்க மாட்டேன்."

வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஹெலன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.