மாரம்மா வீட்டுப் பிதுக்குப் பருப்பு

பாகலூரில் விமல்ராஜ் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா சொல்லிவிட்டார், தான் இன்று விரதம் என்று. எங்கள் அப்பா நல்லுசாமி ஆயுசில் ஒரு வேளை பட்டினி கிடந்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் கரூர்ப் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில், சம்மதம் இருந்தால்தான் சாப்பிடுவார்கள். சாப்பிடாமல் கிளம்பினால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். விமல்ராஜும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கிறோம். அவன் வேறு சாதி. அவன் அம்மா மாரம்மா காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். உங்கம்மா ஒத்துக்க மாட்டாள் என்றே அப்பா மாதக்கணக்கில் பாடிக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரை வரவழைத்திருந்தேன். இன்று அவர் சாப்பிடாமல் எழுந்தால் என் கல்யாணம் அவ்வளவுதான்.

கார்த்திகை கடைசி. பனி இறங்கினால் அங்கே வீட்டுக்கு வீடு அவரைக்காய் வாசம். உரித்த கொட்டையை இரவே ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுப்பார்கள். தனியாளுக்குச் சலித்துவிடும் என்று சொந்தமெல்லாம் கூடிவிடும். அன்றும் மாரம்மாவின் தங்கை முனிலட்சுமி, பக்கத்து வீட்டுக் கெம்பம்மா என்று குண்டானைச் சுற்றி ஒரு கூட்டம். கன்னடத்தில் ஒரு கிண்டல், தெலுங்கில் அதற்குப் பதில். நானும் போய் உட்கார்ந்தேன். நான் பிதுக்கிய பருப்பு துள்ளிப்போய்க் கெம்பம்மாவின் கன்னத்தில் பட்டது. மருமகளாக வருவதற்கு முன்னாலேயே அடிக்கிறாளே என்று அவர் சிரித்து வீட்டையே இரண்டாக்கினார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் கண்ணெல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அப்பா மேலேயே இருந்தது.

கொடுத்த காபியையும் அவர் தொடவில்லை. அது ஆடை கட்டிப்போயிற்று. விமல்ராஜ் பஸ், மழை என்று ஏதேதோ பேசிப் பார்த்தான். அப்பா ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

குழம்பு கொதித்தது; கேழ்வரகுக் களியும் கிண்டி முடிந்தது. மாரம்மா தட்டு எடுத்து வைத்தார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

மாரம்மா கரண்டியோடு பின்னாலேயே வந்தார். குரல் உயரவில்லை.

"அண்ணா, நெசமா விரதம்னா சொல்லுங்க, பழம் வாங்கியாறச் சொல்றேன். எங்க வூட்ல திங்க மனசில்லன்னா அதயும் சொல்லிட்டுப் போங்க. எம்புள்ள சும்மா நம்பிக்கினு கெடக்கக் கூடாது."

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். அங்கே களியை மெல்லாமல் விழுங்குவார்கள் என்பது தெரியாமல் மென்றுகொண்டே இருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான், அவர் வாயைத் திறக்கும்வரை.

"உங்கம்மாகிட்டச் சொல்லிராத கண்ணு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது சின்ன வீடு. மாரம்மாவின் கை குழம்புச் சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. எனக்கு வந்ததே கோபம். ஒளிந்து சாப்பிடுகிற வீட்டிலா என்னைக் கட்டிக்கொடுப்பார்? விமல்ராஜின் செல்போனைப் பிடுங்கி, வீட்டு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று எச்சில் கையை ஆட்டினார்.

"அம்மா, அப்பா விமல்ராஜ் வீட்ல சாப்பிட்டுட்டு இருக்கறாரு."

லைன் போய்விட்டதோ என்று விமல்ராஜ் எட்டிப் பார்த்தான்.

"என்ன கொழம்பு?" என்றாள் அம்மா.

அவரைப் பருப்பு என்றேன்.

"உப்பக் கொறச்சுப் போடச் சொல்லு. அந்த மனுசனுக்குப் பிரசரு இருக்குது."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இத்தனை நாளும் அம்மாவை முன்னால் நிறுத்திவிட்டு அப்பாதான் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறார். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், காதெல்லாம் சிவந்திருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மாரம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று அவரிடம் கேட்டார்.

அப்பா நிமிர்ந்து மாரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்துங்க," என்றார்.