ஈரச் சாக்கு பற்றிய ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நடுவில் சொன்னால் திருப்பம் வைக்கிறேன் என்று நினைப்பீர்கள்.

கதை எழுதிச் சாப்பிட முடியாது என்பதால் தஞ்சாவூரில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். தொண்ணூறுகளில் நாடு கதவைத் திறந்துவிட்டதால் வந்து சேர்ந்த பிழைப்புகளில் இதுவும் ஒன்று. எங்கோ கண்டுபிடிக்கிற மருந்தை இங்கே சோதிக்கிறார்கள். சோதனைக்கு வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு விளக்கத்தாள் வேண்டும். போன வருடம் வந்தது ஆறாத புண்ணுக்கான ஒரு கூழ். அதில் பெரும்பகுதி தண்ணீர், மீதி கண்ணுக்குத் தெரியாத வலை. புண்ணில் வைத்துக் கட்டிவிட்டால் சுற்றியிருக்கும் செல்கள் வலைக்குள் புகுந்து புதுச் சதையைக் கட்டும். வேலை முடிந்ததும் வலை கரைந்துவிடும்.

மூலத்தில் அந்த வலையைக் கட்டடச் சாரம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் 'சாரம்' என்றே எழுதினேன். படித்துப் பார்த்த ஒருவர், "காலுக்குள்ள மூங்கில் கட்டுவாங்களா?" என்று கேட்டாராம். நிறுவனம் மாற்றச் சொன்னது. மாற்றினேன்:

'விதை நெல்லை ஈரச் சாக்கில் மூடிவைத்தால் உள்ளே முளை விடுவதைப் போல, இந்தக் கூழுக்குள் உங்கள் சதை வளரும். ஏழு நாள் பிரிக்கக் கூடாது.'

எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. [இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: "காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் மரியஅந்தோணியால் வயலில் இறங்க—"

விட்டுவிட்டேன். காவிரியில் தொடங்கினால் பாதிக் கதையை ஆறே எழுதிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது: "திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மரியஅந்தோணிக்கு வயது ஐம்பத்தாறு, சர்க்கரை பதினான்கு வருடம், வலது பாதத்தில் புண் ஏழு மாதம்." ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது. ஆனாலும் தேவையானதெல்லாம் இருக்கிறது. புண் மூடாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ரோஸ்லின்தான் போன் மேல் போன் போட்டு அவரை இந்தச் சோதனையில் சேர்த்தாள்.

3

நடந்தது இவ்வளவுதான். கூழ் வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி சவரியம்மாள் கட்டைப் பிரிக்கவில்லை. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, காலையும் மாலையும் கட்டின் மேல் தெளித்தார். துவைத்த சாக்கு ஒன்றை நனைத்துப் பாதத்தைச் சுற்றி மூடினார். ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் பிரித்தபோது கூழ் இல்லை, சீழ் இருந்தது.

நிறுவனம் இதற்கு 'விதிமீறல்' என்று பெயர் வைத்தது. விளக்கத்தாளின் நாலாம் பக்கத்தில் 'கட்டு நனையக் கூடாது' என்று இருக்கிறதே என்றது. அவரைச் சோதனையிலிருந்து நீக்குவதா, இன்னொரு முறை கூழ் வைப்பதா என்பதை வரும் திங்கட்கிழமை முடிவு செய்கிறார்கள். நீக்கினால் கால் போகும்.

சவரியம்மாளின் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கச் சொல்லி எனக்கே அனுப்பினார்கள். அப்படித்தான் விஷயம் தெரிந்தது.

[முதல் படியில் அவரை 'விவரம் போதாத கிராமத்துப் பெண்' என்று எழுதியிருந்தேன். அந்தப் பாத்திரம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, சோதனையில் இருப்பவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று தெரிந்தும் பஸ் ஏறினேன்.]

4

கதை எழுதுகிறவன் என்று மட்டும் சொன்னேன்.

"எங்களப் பத்தி எழுத என்ன சார் இருக்கு? உக்காருங்க" என்றார் சவரியம்மாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து விளக்கத்தாளை எடுத்து என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். தடுமாறாமல் வாசித்தார்.

"முப்பது வருஷமா விதை கட்டுறேன் சார். மூட்டைய மூடிப்போட்டுட்டு சும்மா விட்டா சூட்டுல வெந்துபோயிடும். அப்பப்ப தண்ணி தெளிக்கணும். இத எழுதுனவருக்கு அது தெரியாமலா இருக்கும்?"

தெரியாது. சாக்கில் முளைகட்டுவார்கள் என்பது மட்டும் தெரியும். அதுவும் யாரோ சொன்னது.

"நாலாம் பக்கத்துல நனையக் கூடாதுன்னு இருக்கே" என்றேன்.

"இருக்கு சார். ரெண்டையும் படிச்சேன். ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. எது எனக்குத் தெரிஞ்ச வேலையோ அதச் செஞ்சேன்."

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மரியஅந்தோணி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அம்மாவத் திட்டாதன்னு ரோஸ்லின்கிட்ட சொல்லிட்டேன் சார். போறது என் காலு. இவ என்னடான்னா, என் கையாலயே கெடுத்துட்டேன்னு மூணு நாளா சரியா சாப்பிடல."

கெடுத்தது அந்தக் கை இல்லை, அதை எழுதிய இந்தக் கை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். டீ வந்தது. குடித்தேன். வெட்கமாக இருந்தது. வந்துவிட்டேன்.

5

முடிவுகள்.

(அ) அடுத்த செப்டம்பரில் மரியஅந்தோணி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறார். படிக்கிறவர் கண் கலங்கும். இதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மாதாவே பார்த்துக்கொள்வார்.

(ஆ) கால் போகிறது. மிச்சமிருக்கும் காலமெல்லாம் சவரியம்மாள் விதை கட்டும்போது—

இல்லை. இதை எழுத மாட்டேன்.

(இ) நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போகிறது: 'தவறு நோயாளியின் மீதோ அவர் மனைவியின் மீதோ இல்லை. விளக்கத்தாளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவன் நான்.' படித்தால் இன்னொரு முறை கூழ் வைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அதன் பிறகு வேலை தர மாட்டார்கள் என்பது நிச்சயம்.

இப்படிப்பட்ட கதைகளில், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் தள்ளிவிட்டு நழுவுவது எங்களுக்கு வழக்கம். நானும் பல கதைகளில் நழுவியிருக்கிறேன். இந்த முறை உங்களிடம் தந்து பயனில்லை. நிறுவனத்தின் முகவரி உங்களிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கதையை இங்கே நிறுத்துகிறேன்; கடிதத்தில் எங்காவது 'போல' என்று வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.