மலைமேல் தூங்கிய பாப்பா

பிறந்த குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் படம் எடுப்பது ஜெயமாலாவின் தொழில். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தாலும் கிள்ளான் பக்கம்தான் அவளுக்குப் பேர் அதிகம். அழுகிற பிள்ளை, கக்குகிற பிள்ளை, தொட்டாலே சிணுங்குகிற பிள்ளை, எதுவானாலும் தூங்க வைத்து எடுத்துவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் வாணியின் பெண் குழந்தை அதைப் பதம் பார்த்தது.

பால் கொடுத்தாயிற்று. துணியில் இதமாகச் சுற்றியாயிற்று. மழை மாதிரி இரையும் சின்னக் கருவியைப் பக்கத்தில் வைத்தாயிற்று. பிள்ளையோ வீடு வாங்க வந்தவரைப் போலக் கூரையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. பச்சைப் பிள்ளைக்குக் குளிரக்கூடாதென்று ஏர்கோனும் இல்லை, காற்றாடியும் இல்லை. பெரியவர்கள் மூவரும் வேர்த்துக் கொட்டினார்கள்.

வாணியின் கணவன் சிவநேசன் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவன். இரவு வேலை முடிந்து வந்தவன், படுக்காமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

“சிஸ்டர், பாப்பாவ என் ஹெல்மட்ல உக்கார வச்சி எடுக்கலாமா?”

“கழுத்தே நிக்கல, உக்கார வைக்கணுமாம். சும்மா இருங்க லா,” என்றாள் வாணி.

சும்மா இருப்பதற்காக, படம் எடுக்கப் பிள்ளைக்கென்று போட்டிருந்த பெரிய மெத்தைத் திண்டில் அவன் சாய்ந்தான். அறையின் சூடும் அந்த மழைச் சத்தமும் வேலையைக் காட்டின. சற்று நேரத்தில் சரிந்து மல்லாந்து, குறட்டை விட ஆரம்பித்தான். கருவியின் மழை அதில் காணாமல் போனது.

“எழுப்புங்க வாணி. பாப்பா பயந்துடும்,” என்று ஜெயமாலா சொல்லும்போதே சிவநேசன் திடுக்கிட்டு எழுந்தான்.

“நான் தூங்கலியே.”

வாணி அவனைக் கவனிக்கவில்லை. “அக்கா, இப்ப பாப்பா கண்ண மூடுச்சி. இவரு எழுந்ததும் முழிச்சிக்கிச்சி.”

“குறட்டையிலயா தூங்குச்சி?”

“வயித்துக்குள்ள இருந்தப்ப தினமும் அதத்தான கேட்டுச்சி. நான்தான் தூங்கல, இது நல்லா தூங்கிருக்கு போல.”

ஜெயமாலா சிவநேசனைத் திரும்பிப் பார்த்தாள். “பிரதர், நீங்க மறுபடி படுங்க.”

தூங்கு என்று சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்? கண்ணை இறுக மூடிக்கொண்டு பொய்க் குறட்டை விட்டுப் பார்த்தான். பிள்ளை நம்பவில்லை. ஜெயமாலா வேறு வழி தெரியாமல், பிள்ளைகளைத் தட்டுவதுபோல அவன் தோளைத் தட்டி ‘ஷ்ஷ்’ என்றாள். வெட்கமாக இருந்தாலும் அது பலித்தது. அசல் குறட்டை கிளம்பியதும் பிள்ளையின் கண் சொக்கியது.

இப்போது திண்டு முழுக்க சிவநேசன். பிள்ளைக்கு இடமில்லை. வெள்ளைக் கம்பளித் துணியை அவன்மேல் தலைமுதல் கால்வரை தெரியாதபடி போர்த்தி, மூக்குக்கு மட்டும் ஓரத்தில் வழி விட்டாள் ஜெயமாலா. தொந்தி அழகான பனிமலையாக எழுந்து நின்றது. முயல் காதுத் தொப்பி மட்டும் மாட்டிய பிள்ளையை அதன்மேல் படுக்க வைத்தார்கள். படத்தில் கை தெரியாதபடி துணிக்கு அடியில் கைவிட்டு வாணி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் மலை ஏறி இறங்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஜெயமாலா படம் எடுத்தாள்.

அப்போதுதான் பிள்ளை மலையை நனைத்தது.

“டேய், மழை வருது. லோரி கேன்வஸ இழுத்து மூடு,” என்றது மலை, தூக்கத்தில்.

வாணி சிரிப்பை அடக்கத் தோள் துணியைக் கடித்துக்கொண்டாள். ஜெயமாலாவின் கேமரா ஆடியது. பிள்ளை அசையவில்லை.

எழுந்து குளித்துவிட்டு வந்து படங்களைப் பார்த்த சிவநேசனுக்கு முகம் சுருங்கிப் போனது. “எல்லாத்திலயும் நான் இருக்கேன், ஆனா ஒண்ணுலகூட காணமே.”

புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளையைக் கையில் வாங்கி நிமிர்ந்து நின்றான். விழித்துக்கொண்ட பிள்ளை தெருவுக்கே கேட்கும்படி வீறிட்டது. ஜெயமாலா அப்போது எடுத்த படத்தில் பிள்ளையின் முகமே வாயாகத்தான் இருந்தது. லோரிக்காரக் கூட்டாளிகளுக்கு அவன் முதலில் அனுப்பியது அதைத்தான்.