உதைத்தால் உயிரோடு இருக்கிறான்

படப்பிடிப்பில் என் பெயர் ரத்தம். “ரத்தம், இங்க வாடா” என்றால் நான் போக வேண்டும். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் கோகோ பொடியும் கலந்து, டிரம்மில் ஊற்றி, பம்பு வைத்து, கேட்ட இடத்தில் பீய்ச்சுவது என் வேலை. அதற்கு முன்னால் பாட்டில் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு. அதற்கும் முன்னால் கல்லூரி. இரண்டையும் பாதியில் விட்டவன். இந்த வேலைக்கு இழுத்து வந்தது மாமா, என் அக்கா புருஷன். ஹீரோவுக்கு டூப் போடுகிறவர். ஹீரோ மாடியிலிருந்து விழுந்தால் விழுவது மாமா. ஹீரோ தீப்பிடித்தால் எரிவது மாமா.

ரத்தக் காட்டேரிப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் அது. முதல் பாகத்தில் காட்டேரி பேசாது. கட்டிலின் தலைமாட்டில் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஜனங்கள் காலைத் தரையில் வைக்கப் பயந்து இருக்கையில் சம்மணம் போட்டுப் பார்த்தார்கள். அதை எடுத்த டைரக்டர் தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் டைரக்டர் ஆனார். இவருக்கு எதற்கெடுத்தாலும் காரணம் வேண்டும். காட்டேரிக்கு ஏன் பசி, ஏன் வெயில் ஆகாது, ஏன் சாவு வராது. ஆகவே இரண்டாம் பாகத்தில் டாக்டர்கள் காட்டேரியைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கட்டிப்போடுகிறார்கள். அதன் ரத்தத்தை எலிக்கு ஏற்றுகிறார்கள், நோயாளிக்கு ஏற்றுகிறார்கள், ஏற்றும்போதெல்லாம் நின்று விளக்கம் சொல்கிறார்கள்.

“மொத பாகத்துல காட்டேரியப் பாத்து ஜனங்க பயந்தாங்க. இதுல ஜனங்களப் பாத்து காட்டேரி பயப்படுது மச்சான்” என்றார் மாமா. “சயின்ஸ் வாத்தியார் பிரம்போட வந்தா நான் அப்படித்தான் முழிப்பேன்.”

மூடிக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில்தான் ஆய்வுக்கூட செட். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தொட்டி. மூன்று பக்கம் இரும்புத் தகடு, முன்பக்கம் தடித்த கண்ணாடி, மேலே போல்ட் போட்டு முடுக்கும் இரும்பு மூடி. காட்டேரியை உள்ளே கட்டிவைத்து மனித ரத்தத்தால் நிரப்புகிறார்கள். அது குடிக்குமா, தோல் வழியாக உறிஞ்சுமா என்று பார்க்கிற சோதனை. ஹீரோ தொட்டியை ஒரு முறை சுற்றிவந்து, “எனக்கு சைனஸ்” என்று சொல்லிவிட்டுக் கேரவனுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு க்ளோஸப்புக்கு மட்டும் வருவார். உள்ளே நிற்கப்போவது மாமா.

காலையில் தண்ணீர் விட்டு ஒத்திகை பார்த்தோம். மாமாவின் இடுப்பையும் கைகளையும் பின்னால் இருந்த தூணோடு தோல் வாரால் கட்டினோம். கால் மட்டும் சும்மா இருந்தது. மூச்சு முட்டினால் கண்ணாடியை மூன்று தடவை உதைப்பார், நான் பம்பை நிறுத்திக் கீழ்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர் தலைக்கு மேல் போனது. கொஞ்ச நேரத்தில் மூன்று உதை. திறந்தேன். சர்ரென்று வடிந்தது. மாமா வாயில் இருந்த தண்ணீரைக் கண்ணாடியில் துப்பி என்னைப் பார்த்து இளித்தார்.

டைரக்டர் கை தட்டினார். “அண்ணே, அந்த உதை இருக்கே, பிரமாதம். டயலாக் முடியற வரைக்கும் எனக்கு அது வேணும். மூணு, ஒரு கேப், மறுபடி மூணு. இதயத் துடிப்பு மாதிரி.”

“அது நிறுத்தச் சொல்ற உதை சார்” என்றேன்.

“நிறுத்த வேற ஏதாவது வச்சுக்கங்கப்பா. உங்களுக்குள்ள பேசிக்கறதுதானே.”

பேசிக்கொண்டோம். மாமா துண்டால் தலையைத் துவட்டியபடி சொன்னார்: “கை கட்டியிருக்கு. ரத்தம் ஏறிட்டா மூஞ்சி தெரியாது. வேற என்ன இருக்கு? இப்படி வச்சுக்குவோம். உதைச்சா உயிரோட இருக்கேன்னு அர்த்தம். உதை நின்னா திறந்துடு.”

“நின்னாத்தான் திறக்கணுமா?”

“ஆமாடா. அப்பறம் பாதியில திறந்து தொலைச்சுடாத. அந்த அம்மா டயலாக்க மறுபடி மொதல்லேர்ந்து சொல்லும். நாம ஊறணும்.”

அந்த அம்மா என்றது விஞ்ஞானியாக நடித்த நடிகையை. நல்ல பெண்மணிதான். ஒரு பக்க வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஹீமோகுளோபின் என்ற இடம் வந்தால் நாக்கு சுருண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீருக்குப் பதில் ரத்தம். முதல் பாகத்தில் ரத்தம் தக்காளி ஜூஸ் மாதிரி இருந்தது என்று ஜனங்கள் கிண்டல் செய்திருந்தார்கள். அதனால் இந்த முறை கெட்டியாக வேண்டும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். பாகில் கோந்து மாவைக் கலந்திருந்தேன். அதை ஊற்றி வடிய விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மாமாவைக் கட்டி முடித்த பிறகு டைரக்டர் ஓடி வந்தார். கையில் ஒரு இரும்பு வளையம், இரண்டு பக்கமும் திருகு. “காட்டேரியோட பல் தெரியணும். வாயத் திறந்தே வச்சிருக்கறாங்க, சாம்பிள் எடுக்க. லாஜிக் கரெக்டா இருக்குல்ல?” மேக்கப்காரர் வளையத்தை மாமாவின் வாய்க்குள் வைத்துத் திருகினார். தாடை அகன்று நின்றது. மாமா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு எழுத்தும் புரியவில்லை. நான் தலையாட்டினேன். மூடியை இறக்கிப் போல்ட்டை முடுக்கினார்கள்.

ஆக்‌ஷன்.

பம்பைப் போட்டேன். ரத்தம் மாமாவின் முட்டியைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. அவர் உதைக்க ஆரம்பித்தார். மூன்று, இடைவெளி, மூன்று. விஞ்ஞானி கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். ரத்தம் கழுத்துக்கு வந்து, திறந்து கிடந்த வாய்க்குள் வழிந்தது. பிறகு கண். பிறகு தலை. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. உள்ளே ஒரு ஆள் இருப்பதே தெரியவில்லை. பம்பை நிறுத்தினேன். சத்தம் மட்டும் வந்தது. தொம் தொம் தொம். இருக்கிறார்.

அப்போது அவள் ஹீமோகுளோபினில் தடுக்கினாள்.

“போங்க, போங்க, மேல இருந்து எடுத்துட்டுப் போங்க, கட் இல்ல” என்றார் டைரக்டர். அவள் மூச்செடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். தொம் தொம் தொம். என் கை குழாயின் திருகில் இருந்தது. உதை நின்றால் திறக்க வேண்டும். உதை நிற்கவில்லை. முன்னைவிட பலமாகவே வந்தது. டைரக்டர் மானிட்டரைப் பார்த்துச் சிரித்தார். “பயங்கரமா பண்றாருய்யா.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாமா இன்றைக்கு நன்றாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் கவனித்தேன், இடைவெளி இல்லை. மூன்று மூன்றாக வரவில்லை. சத்தம் கீழே மட்டும் வரவில்லை, மேலேயும் வந்தது. மேலே கால் கிடையாது. மேலே தலை இருக்கிறது.

குழாயைத் திறந்தேன். ஒரு குடம் அளவுக்கு வந்து, கொழ கொழவென்று ஒரு கட்டி வெளியே தலை நீட்டி, அப்படியே நின்றது. விரலை விட்டுத் தோண்டினேன். இன்னொரு கட்டி. “மூடியக் கழட்டுங்கடா” என்று கத்தினேன். போல்ட்டைத் திருகுகிற ஸ்பேனரை யாரோ ஜெனரேட்டருக்கு எடுத்துப் போயிருந்தார்கள். செட் தச்சர் விட்டுப்போன சம்மட்டி சுவரோரம் கிடந்தது. அதை எடுத்தேன்.

புரொடக்‌ஷன் மேனேஜர் பின்னாலிருந்து என் கையைப் பிடித்துத் தொங்கினார். “டேய் ரத்தம், பைத்தியமா? ஒரே கண்ணாடிடா. ஹீரோ க்ளோஸப் பாக்கியிருக்கு.”

முழங்கையை அவர் மூக்கில் இறக்கினேன். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி சத்தம் வந்தது. மறுபடியும் வந்து காலைப் பிடித்தார். சம்மட்டியின் கட்டையால் அவர் விரல்மேல் போட்டேன். விட்டுவிட்டார்.

கண்ணாடியில் அடித்தேன். சம்மட்டி எகிறி என் தோளிலேயே வந்து விழுந்தது. திரும்ப அடித்தேன். உள்ளே சத்தம் நின்றுபோனது. அப்போதுதான் உதை நின்றது. பேசி வைத்த சைகை, இப்போது வருகிறது. எங்கே அடித்தேன், எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு அடியில் கண்ணாடி மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகி, கற்கண்டு மூட்டை அவிழ்ந்தது போலக் கொட்டியது. ரத்தம் என்னை இடுப்பில் அடித்துத் தள்ளியது. விஞ்ஞானியைச் சுவர்வரை இழுத்துப் போனது. நாங்கள் எல்லோரும் கறி வெட்டுகிற இடத்தில் விழுந்து புரண்டவர்கள் போலிருந்தோம்.

மாமா வாரில் தொங்கினார். மூச்சு இல்லை. பையில் இருந்த கத்தியால் முதலில் இடுப்பு வாரை அறுத்தேன், அப்புறம் கை வாரை. அப்படியே என்மேல் சரிந்தார். குப்புறப் போட்டு முதுகில் குத்தினேன். முஷ்டியால், முழு பலத்தோடு, விலா எலும்பு போனால் போகட்டும் என்று குத்தினேன். ஒன்று போகவும் போனது. வாயிலிருந்து பாகு கயிறு மாதிரி இறங்கியது. உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. இழுத்தார், மூச்சு போகவில்லை. தொண்டையில் அடைத்திருந்தது. விரலை விட்டு எடுக்கலாம் என்றால் இரும்பு வளையம் குறுக்கே இருந்தது. மல்லாக்கத் திருப்பித் திருகில் கை வைத்தேன்.

அவர் கை என் கழுத்துக்கு வந்தது.

கண் திறந்திருந்தது, ஆனால் பாகு மூடியிருந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சாகிறவன் பிடி எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. கட்டை விரல் இரண்டும் குரல்வளையில் இறங்கின. அந்தக் கையை விலக்கினால் திருகை விட வேண்டும். திருகை விட்டால் அவர் போய்விடுவார். நான் திருகினேன். பாகில் விரல் வழுக்கியது. காதுக்குள் இரைந்தது, பார்வை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. இடது திருகு கழன்றது. வலது திருகைச் சட்டையைச் சுற்றிப் பிடித்து முறுக்கினேன். வளையத்தைப் பிடுங்கினேன். ஒரு பல்லும் சேர்ந்து வந்தது. இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டேன். கையளவு கோந்து வந்தது. என் விரலைக் கடித்தபடியே அவர் ஒரு மூச்சு இழுத்தார். கதவு கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். கழுத்தில் இருந்த கை தளர்ந்தது.

வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துவிட்டேன். என்னைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் வாயோடு சேர்த்து ஒரு அறை விட்டார்.

“உதைச்சேனேடா. எத்தன தடவ உதைச்சேன்.”

“உதைச்சா உயிரோட இருக்கேன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க.”

உள்ளே இருந்தபோது பழைய கணக்குதான் அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. மூன்று உதை என்றால் நிறுத்து. எந்த உடம்பும் அப்படித்தான் உதைக்கும். புதுக் கணக்கு என் மண்டையில் மட்டும் இருந்தது.

அப்போது டைரக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. கேமராமேனின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். “ஓடட்டும், ஓடட்டும். கட் பண்ணிடாத.”

மாமா எழுந்தார். வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகள்மேல் நடந்தார். போகிற வழியில் குனிந்து இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். டைரக்டர், “அண்ணே, நீங்க வேற லெவல்” என்று ஆரம்பித்தார். வளையம் வாயில் விழுந்தது. விழுந்தவர்மேல் மாமா ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தார். பிறகு உடைந்த பற்களுக்கு நடுவே வளையத்தைத் திணித்துத் திருகத் தொடங்கினார். நிதானமாகத் திருகினார். தாடை விலகுகிற சத்தம் கேட்டது. லைட்மேன்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் தடுக்கப் போகவில்லை.

“அண்ணே, போதும்ணே” என்றாள் விஞ்ஞானி. “செத்துடுவான்.”

மாமா விட்டார். இருமிக்கொண்டே பக்கத்தில் படுத்தார். நிஜ ரத்தம் மெல்லிசாக இருந்தது. பாகுமேல் அது தனியாக ஓடியது.

இரண்டு தரப்பும் புகார் கொடுப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். மாமாவின் நுரையீரலுக்குள் போன பாகால் சீழ் பிடித்தது. ஒரு பக்கத்தில் பாதியை வெட்டி எடுத்தார்கள். மாமா இனி மாடியிலிருந்து விழ முடியாது. மாடி ஏறவே முடியாது. டைரக்டருக்குத் தாடையில் கம்பி. ஆனால் படத்தை முடித்துவிட்டார்.

வெளியான வாரம் மாமா போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா, “செத்த எடத்துக்கே டிக்கெட் எடுத்துட்டுப் போங்க” என்று திட்டிவிட்டு வர மறுத்துவிட்டாள். நானும் அவரும் பகல் காட்சிக்குப் போனோம். பாதி இருக்கை காலி. எலிக்கு விளக்கம், நோயாளிக்கு விளக்கம். இடைவேளையில் மிச்சத்தில் பாதிப் பேர் கிளம்பினார்கள். யாரும் கோபப்படக்கூட இல்லை, கொட்டாவிதான்.

இடைவேளைக்குப் பிறகு தொட்டி வந்தது. சிவப்பு மேலே ஏறியது. கண்ணாடியை அடைத்தது. அதன் முன்னால் விஞ்ஞானி நின்று ஹீமோகுளோபினைத் தடுக்காமல் சொன்னாள். பின்னாலிருந்த சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். பிறகு ஹீரோவின் முகம், வேறு ஏதோ இடத்தில் எடுத்தது, கன்னத்தில் இரண்டு சொட்டு. அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

மாமா என் பக்கம் சாய்ந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் அவரால் பேச முடியும்.

“நான் எப்ப வருவேன்?”

“வந்துட்டீங்க மாமா. போயிடுச்சு.”

அவருக்கு இருமல் வந்தது. முன் வரிசைக்காரர் திரும்பி, இருமலை வெளியே போய் இருமச் சொன்னார். மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டேன்.