கண்மாய்க்குள் நான்கு குரல்கள்

தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாது, ஒலிதான் போகும். அதுவும் ரேடியோவைப் பார்க்க மெதுவாகத்தான் போகும். திருவாதவூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் தமிழ்வாணி இறக்கியிருந்த நான்கு கருவிகளும் தண்ணீரின் சூட்டையும் கலங்கலையும் அளந்து, ஒலியாக்கிக் கரையோர மிதவைக்கு அனுப்பின. கடைக்கோடிக் கருவியின் குரல் வந்து சேரவே ஒரு செகண்ட். ஒன்று பேசி அதற்குப் பதில் போய்ச் சேரும்வரை மற்ற மூன்றும் வாய்மூடிக் கிடந்தன. நிமிடத்துக்குப் பதினைந்து செய்தி, அதற்குமேல் நகரவில்லை.

பசுமலைக் கல்லூரியில் அவளும் கூட ஆராய்ச்சி செய்த சூரியபிரகாஷும் மூன்று வருஷம் இதோடு மல்லுக்கட்டினார்கள். பிறகு அவனுக்கு நார்வேயில் வேலை கிடைத்தது. “போயிட்டு வாரேன் வாணி” என்று அவன் நின்றபோது, அவள் பேட்டரியைத் திருகிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று இரண்டு வருஷமாக மனசு அறுத்துக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு மத்தியானம் வழி பிடிபட்டது. மீன் குத்தகைக்காரர் ஆண்டிச்சாமியின் பரிசலில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்தவள் கத்தியேவிட்டாள்.

“நிமிசத்துக்கு இருவத்தாறுண்ணே!”

“அம்புட்டும் நல்லதுதானம்மா?”

“ரொம்ப நல்லதுண்ணே!”

அங்கிருந்தே சூரியபிரகாஷுக்குப் போன் போட்டாள். அங்கே காலை நேரம்.

“இருவத்தாறா? சும்மா சொல்லாத.”

“நெசமாத்தான். தூரத்துல உள்ளத முதல்ல கெளப்பிவிட்டேன். அது சத்தம் வந்துக்கிட்டு இருக்கையிலேயே அடுத்தது கெளம்பிரும். ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து சேருது, மோதல. பதிலும் நாலுக்கும் சேத்து ஒண்ணுதான்.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!

“டேட்டா அனுப்பு வாணி, பாக்குறேன்.”

“நீயே வந்து பாரு.” நாக்கு முந்திக்கொண்டது. “மார்ச்சுல கண்மாய் வத்திரும்.”

அவன் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“லீவு கேக்குறேன்” என்றான்.

மேலூர் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். யார் யாரோ இறங்கினார்கள். லீவு கிடைக்கவில்லை என்று பிப்ரவரிக் கடைசியில் ஒரு வரி வந்தது. மார்ச்சில் தண்ணீர் தொடையளவுக்கு இறங்கியதும், ஆண்டிச்சாமியும் அவளுமாகக் கருவிகளைத் தூக்கிக் கரையேற்றினார்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி, தன் பேருக்கு அடுத்து அவன் பேரையும் போட்டு அவனுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டு திருத்தம். அதற்குக் கீழே, “கண்மாய் மறுபடி எப்ப நெறையும்?”

“மழ நல்லா பேஞ்சா கார்த்திகையில” என்று எழுதி அனுப்பிவிட்டு, வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.